பாட்டு வராது என்பதற்கு ஓர் அத்தாட்சி

— சுத்தி வளைக்காதையும், முருகேசு வாத்தியார். சின்னமேளம் எண்ட சொல் உம்முடைய வாயாலை வந்ததோ இல்லையோ? அதை மட்டும் சொல்லும்.

— வந்தது ஐயா. ஆனால் வந்த மாதிரி வேறை.

— எந்த மாதிரி வந்தாலும் சின்னமேளம் சின்னமேளம்தான். திருவிழாவிலை சலங்கை கட்டிக் காசுக்கு ஆடிப் பாடுறவளவையும், இந்தப் பஞ்சலிங்கத்தின்ரை மகளும் ஒண்டோ?

— ஐயோ, ஒண்டெண்டு ஆர் சொன்னது? ‘எங்கடை இராசமலர் தோடி பாடினால், கோயிலுக்கு வாற சின்னமேளக்காரியளே சலங்கையைக் கழட்டி மடியிலை வைச்சுக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பினம்’ எண்டுதான் சொன்னனான். மெச்சித்தான் ஐயா சொன்னனான்.

— ஆருக்கு மெச்சினனீர்?

— ஆரெண்டு தெரியாது. கந்தசாமி கோயில் வீதியிலை ஒரு மனிசன் வந்து வெத்திலை நீட்டினார். ‘பஞ்சலிங்கத்தாரின்ரை மகளுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுக்கிறது நீர்தானாமே, எப்பிடிப் பாட்டு?’ எண்டு கேட்டார். சங்கீதம் தெரிஞ்ச மனிசனாக்கும் எண்டு நினைச்சன்.

— சங்கீதமோ! அது செல்வரட்ணம். மாப்பிள்ளையின்ரை தாய்மாமன். பொம்பிளையைப் பற்றி விசாரிக்கப் புத்தூரிலையிருந்து வண்டில் கட்டிக்கொண்டு வந்தவர்.

— அவர் நெத்தியிலை எழுதி ஒட்டியிருக்கேல்லையே ஐயா.

— எழுதி ஒட்டோணுமோ? கல்யாண வயசிலை ஒரு பெட்டை இருக்கிற ஊரிலை, தெரியாத ஒருத்தன் வெத்திலையோடை வந்தால் அவன் ஆரெண்டு சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். கவனியும், அதுக்கு ஒரு மறுமொழிதான் இருக்கு. ‘அடக்கமான பிள்ளை. குனிஞ்ச தலை நிமிராது. ஏதோ மூண்டு பாட்டுப் பாடுவா.’ அவ்வளவுதான். இந்த இணுவிலிலை மாடு மேய்க்கிறவனுக்கும் உது தெரியும்.

— அவர் பாட்டைப் பற்றித்தானே கேட்டவர். பாட்டைப் பற்றி நான் பொய் சொன்னதில்லை.

— அதோடையாவது நிண்டனீரோ? ‘மேடையிலை ஏத்தினால் தனிய மூண்டு மணித்தியாலம் பிடிப்பா’ எண்டும் சொன்னனீராம்.

— நாலு.

— என்ன நாலு?

— நாலு மணித்தியாலம் எண்டு சொன்னனான். மூண்டு எண்டு அவர் குறைச்சுப்போட்டார்.

— வாத்தியார், என்ரை வாயைக் கிளறாதையும். செல்வரட்ணம் போய் அங்கை என்ன சொன்னவர் தெரியுமோ? ‘பெட்டை மேடைக்கு ஆயத்தமாம், வாத்தியாரே சொல்லிப்போட்டார். ஆசுப்பத்திரியிலை மருந்து குடுக்கிற எங்கடை அப்போதிக்கரிப் பெடியனுக்கு வீட்டுக்கு ஒரு பொம்பிளைதான் வேணும், வீதிக்கு ஒரு மேளம் வேண்டாம்’ எண்டு. முடிஞ்சுது. சாதகம் பொருந்தி, காணி எழுதுற கதையும் முடிஞ்சு, நாள் வைக்கிறதுதான் மிச்சமாய் இருந்த காரியம்.

— பாட்டு நல்லாய் இருக்கெண்டு கலியாணம் குழம்பினதை இப்பதான் ஐயா கேள்விப்படுறன்.

— பிறகு? பாட்டு உந்தளவுக்கு நல்லாய் இருக்கலாமோ? நான் பாட்டுப் பழக்கினது அவள் பாடுறதுக்கோ?

— பிறகென்னத்துக்கு ஐயா பழக்கினனீங்கள்?

— பழகினவள் எண்டு சொல்லுறதுக்கு! மலாயாவிலை எண்டால் உத்தியோகத்தரின்ரை பெட்டையள் எல்லாரும் பியானோ பழகுவினம். ஒருத்தியும் வாசிக்கிறேல்லை. வீட்டுக்கு வாற ஆக்கள் பியானோவைப் பாப்பினம், தேத்தண்ணி குடிப்பினம், போவினம். அது மரியாதை. நீர் என்ன செய்தனீர்? ஒரு வருசத்திலை என்ரை பிள்ளையைப் பாட்டுக்காரி ஆக்கிப்போட்டீர்.

— நான் ஆக்கேல்லை. அது முந்தியே உள்ளை இருந்தது.

— இருந்தால் இருக்கட்டும். உள்ளை இருக்கிறதை வெளியிலை எடுக்கச் சொல்லி ஆர் கேட்டது? சரி, நடந்தது நடந்து போச்சு. தாயும் மகளும் கோயிலுக்குப் போட்டினம். அவை வாறதுக்கிடையிலை ஒரு காரியம் முடிப்பம். அந்த மேசை லாச்சிக்குள்ளை கடுதாசியும் பேனையும் இருக்கு, எடும்.

— என்ன எழுத?

— அவளுக்குப் பாட்டு வராதெண்டு எழுதும்.

— ஐயா?

— செவிடோ? இராசமலருக்குச் சங்கீதம் ஏறாது, ஒரு வருசம் மினைக்கெட்டும் ஒண்டும் சரிவரேல்லை எண்டு எழுதி, கீழை உம்முடைய பேரைப் போடும். மிச்சத்தை நான் பாக்கிறன். நாளைக்குச் செல்வரட்ணம் இஞ்சை மறந்து விட்டிட்டுப் போன குடையை எடுக்க வருவார். அந்த நேரம் உந்தக் கடுதாசி மேசையிலை மறந்துபோய்க் கிடக்கும்.

— என்ரை கையாலை அதை எழுதேலாது ஐயா. நேற்றுத்தான் விசயதசமி. சரசுவதிக்கு முன்னாலை அவவைப் பாட வைச்சிட்டு இண்டைக்கு…

— சரசுவதி புத்தூருக்குப் போய்க் கதைக்க மாட்டா. எழுத ஏலாதெண்டால் நீரும் இனி வரவேண்டாம். புதன்கிழமைப் பாட்டு இண்டையோடை சரி.

— ஐயா, எனக்கு ஊருக்குள்ளை ஒரு பேர் இருக்கு. தஞ்சாவூரிலை ஏழு வருசம் குருகுலவாசம் இருந்த ஒருத்தன் உப்பிடி எழுதினால்…

— தஞ்சாவூரோ? எனக்கும் தஞ்சாவூரோ? திருவனந்தபுரத்திலை எங்கடை ஆக்களின்ரை புகையிலைக் கடையிலை சிப்பம் கட்டின ஆள் நீர். என்ரை மைத்துனன்தான் அந்தக் கடைக்குப் புகையிலை ஏத்தினவன்.

— சிப்பம் கட்டினது பகலிலை. பின்னேரத்திலை பக்கத்து வீட்டுப் பாகவதரிட்டைப் படிச்சனான். அவருக்கு யாழ்ப்பாணத்துப் புகையிலை எண்டால் உயிர்.

— எவ்வளவு காலம் படிச்சனீர்?

— அவர் புகையிலையை விடுமட்டும்.

— ஹூம்! குருகுலவாசம்!

— ஐயா சொல்லுறபடியால் நானும் ஒண்டு சொல்லுறன். உங்களையும் ஊர் ‘ஸ்டேசன் மாஸ்டர்’ எண்டுதான் கூப்பிடுது. மலாயாவிலை தைப்பிங் ஸ்டேசன் சாமான் கொட்டிலுக்குள்ளை மூடை எண்ணின கிளாக்கர் எண்டு, அங்கை உங்களோடை வேலை செய்த கனிசியஸ் சொன்னவர். றப்பர் விலை விழுந்த வருசம் ஆட்குறைப்பிலை அனுப்பினவையாம்.

— மெதுவாய்க் கதையும், வாத்தியார்.

— மெதுவாய்த்தான் கதைக்கிறன்.

— அந்தக் கனிசியஸ் ஒரு குடிகாரன்.

— பாகவதரும் செத்துப்போனார்.

— ஓல் றைற். உது ரெண்டையும் இந்தக் கதிரைக்குக் கீழை போடுவம். இப்ப எழுதுவீரோ மாட்டீரோ?

— எழுதினால் புதன்கிழமை வரலாமோ?

— உமக்கு ஏன் உந்தப் புதன்கிழமையிலை இவ்வளவு பிடி? ஊரிலை வேறை பிள்ளையள் இல்லையோ?

— இருக்கினம். பதினொரு வருசமாய் இணுவில், கோண்டாவில், சுன்னாகம் எண்டு சைக்கிள் மிதிக்கிறன். ஐம்பத்தாறு பிள்ளையள். படிச்சு விட்டவை எல்லாரும் நல்ல இடத்திலை முடிச்சு, பிள்ளை குட்டியோடை இருக்கினம். ஒருத்தியாவது இண்டைக்குப் பாடுறேல்லை. ‘முருகேசு வாத்தியார் பாட்டு வளர்க்கிறார்’ எண்டு சொல்லுவினம். நான் கலியாணம் வளர்க்கிறன் ஐயா, தரகருக்குக் கிடைக்கிற மரியாதையும் இல்லாமல்.

— அதுக்கும் இவளுக்கும் என்ன?

— மாசி மாதம் ஒரு புதன்கிழமை. தோடியிலை ஒரு பிடி சொல்லிக் குடுத்தன். பிள்ளை அதைப் பாடிக்கொண்டு போய், நான் சொல்லிக் குடுக்காத ஒரு இடத்திலை இறங்கிச்சுது. எனக்கே தெரியாத இடம். அங்கை கொஞ்சம் நிண்டு பாத்திட்டு, வழி தெரிஞ்ச ஆள் மாதிரித் திரும்பி வந்திட்டுது. அண்டைக்கு நான் வீடு மட்டும் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தனான்.

— ஏன், காத்துப் போட்டுதோ?

— இல்லை ஐயா. ஏற மனம் வரேல்லை.

— உதை அவளுக்குச் சொன்னனீரோ?

— சொல்லலாமோ? குரு வாய் திறந்து மெச்சினால் வித்தை அதிலையே நிண்டுபோம். ‘திரும்பப் பாடும்’ எண்டன். பிறகு, ‘வாயை இன்னும் நல்லாய்த் திறக்கோணும்’ எண்டன்.

— வருசம் முழுக்க அவளுக்கு ஒரு நல்ல சொல் சொல்லேல்லை. வெத்திலை தந்த புத்தூரானுக்கு எல்லாத்தையும் அவிட்டுக் கொட்டினனீர்.

— பிழைதான் ஐயா. ஆருக்கும் சொல்லாமல் எட்டு மாதம் வைச்சிருந்தன். அந்த மனிசன் கேட்டவுடனை கொட்டுப்பட்டுப்போச்சு.

— சரி, கவனியும். பேச்சு ஒப்பேறினால் தையிலை கலியாணம். அது மட்டும் நீர் வரலாம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. மூண்டு மாதத்துப் புதன்கிழமை. கதவைச் சாத்திப்போட்டுப் படிப்பியும், வீதிக்குக் கேக்கக்கூடாது.

— மூண்டு மாதம்… அவவுக்கு மூண்டு மாதம் காணும் ஐயா. மற்றவைக்கு முப்பது வருசம். கடுதாசியைத் தாருங்கோ.

— பொறும். இவளைப் பற்றி மட்டும் எழுதினால் செல்வரட்ணத்துக்கு மணக்கும். அரசாங்கக் கச்சேரியிலை உத்தியோகம் பாத்துப் பென்சன் எடுத்த மனிசன், மூக்கு நீளம். இந்த வருசம் உம்மட்டைப் படிச்ச எல்லாற்றை பேரையும் போடும். ‘இந்த வருசத்து மாணவிகளின் முன்னேற்றம்’ எண்டு தலைப்பு. அதுக்குள்ளை கடைசியாய் இவள்.

— நாலு பேர்தான் ஐயா. முதலிலை பூரணம், கோட்டிலை வழக்குப் பேசுற பிறக்கிராசி நாகலிங்கத்தாரின்ரை மகள்.

— அவள் எப்பிடி?

— என்ரை சிற்றறிவுக்கு எட்டின மட்டிலை அவவிட்டை ஒரு சுரம்தான் இருக்கு. மற்ற ஆறும் அவவைக் கண்டால் வேலி பாய்ஞ்சு ஓடிப்போம்.

— ஆனியிலை கலியாணம் முடிஞ்சுதே?

— முடிஞ்சுது. பொம்பிளை பாக்க வந்த அண்டைக்குப் பாடினவ. முதல் பாட்டு முடியமுந்தி, ‘போதும், பிள்ளைக்குக் களைச்சுப்போச்சு’ எண்டு மாப்பிள்ளையின்ரை தகப்பன் நிப்பாட்டினார். இரக்கமுள்ள மனிசன். இப்ப பிள்ளை கண்டியிலை. சுருதிப்பெட்டிக்குள்ளை தாய் முட்டை அடுக்கி வைச்சிருக்கிறா.

— பாத்தீரோ? அதுதான் அளவான சங்கீதம். அவளுக்கு என்ன எழுதுறீர்?

— ‘குரல் உறுதியானது. வைத்த இடத்தில் நிற்கும்.’

— சோக்காய் இருக்கு. அடுத்தது?

— சிவக்கொழுந்து. சித்திரையிலை தொண்டை கட்டினது, புரட்டாதியும் முடியப்போகுது, இன்னும் அவிழேல்லை. பாடச் சொன்னால் இருமுவா. இருமல் மட்டும் தாளம் பிசகாமல் விழும்.

— எழுதும்.

— ‘லய ஞானம் மெச்சத்தக்கது.’

— ஓல் றைற். மூண்டாவது?

— செல்வநாயகி.

— எந்தச் செல்வநாயகி?

— தோட்டக்கார நமசிவாயத்தாரின்ரை மகள்.

— அவள் நெருப்புக் காய்ச்சலிலை…

— ஓம். ஆவணியிலை. பதின்மூண்டு வயசு. வர்ணத்திலை பாதி வந்தவ. காய்ச்சலிலை கிடக்கேக்கை போய்ப் பாத்தன். ‘மற்றப் பாதி எப்ப?’ எண்டு கேட்டா. ‘எழும்பின உடனை’ எண்டன். அவவின்ரை கொப்பியிலை மற்றப் பாதிக்கு விட்ட இடம் வெறுமையாய்க் கிடக்குது.

— பாவம். பாவம்… வாத்தியார், அவளின்ரை பேரை முதலாவதாய்ப் போடும்.

— ஏன் ஐயா?

— கூப்பிட்டுப் பாடச் சொல்லி ஒருத்தரும் பாக்கேலாது. என்ன பார்க்கிறீர்? நமசிவாயத்தாருக்கும் சந்தோசமாய் இருக்கும்.

— இருக்கும். நான் காட்டினால் நெஞ்சோடை அணைச்சுக்கொண்டு போவார். அதுதான் ஐயா கை கூசுது.

— எழுதும், எழுதும். பொழுது படுகுது.

— ‘முதலாவது, செல்வநாயகி. மிகச் சிறந்த மாணவி.’ எழுதியாச்சு.

— இப்ப வாரும் விசயத்துக்கு. நாலாவது, இராசமலர்.

— ‘குரல் உண்டு…’

— வெட்டும்.

— குரல் இருக்கே ஐயா. வேலிக்கு அங்காலை நிக்கிற மாட்டுக்கும் தெரியுது.

— சரி, ‘குரல் உண்டு, ஞானம் இல்லை.’

— …‘ஞானம்… இல்லை.’

— ‘சுருதி சேராது.’

— ஐயா, ‘சில வேளைகளிற் சேராது’ எண்டு போடட்டோ?

— மீன் சந்தையிலை பேரம் பேசுற மாதிரிப் பேசாதையும். சேராது எண்டால் சேராது.

— ‘சேராது.’

— ‘மூன்று பாட்டு ஒருவாறு பாடுவார்.’

— ஞானமும் இல்லை, சுருதியும் சேராது எண்டால் மூண்டு பாட்டு எப்பிடி?

— ஒண்டுமே தெரியாதெண்டால், பிறகேன் பஞ்சலிங்கம் வருசம் முழுக்க வாத்தியார் வைச்சவர் எண்டு கேப்பினம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பாட்டு அளவாய் மோசமாய் இருக்கோணும். கவனியும், இனித்தான் முக்கியம். ‘இனி முன்னேறுவார் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை.’

— அது வேண்டாம் ஐயா.

— அதுதான் வேணும். கலியாணம் முடிச்ச பிறகும் பாடத் தொடங்கிவிடுவாளோ எண்டுதான் அவையின்ரை பயம். இந்த ஒரு வரியோடை பயம் தெளியும்.

— அதுக்கு மேலை ஒண்டும் இல்லை ஐயா. ஒரு பிள்ளையைப் பற்றி வாத்தியார் எழுதக்கூடிய கடைசி வரி அதுதான்.

— கடைசி வரியாய்த்தான் போடச் சொல்லுறன். புதன்கிழமை வேணுமோ வேண்டாமோ?

— …எழுதிப்போட்டன்.

— இன்னும் ஒண்டு. உது பொய்யெண்டு ஒரு குஞ்சுக்கும் தெரியக்கூடாது. இவளுக்கும்தான்.

— பிள்ளைக்குமோ?

— இவளுக்குத் தெரிஞ்சால் பெரியம்மாவின்ரை மோளுக்குச் சொல்லுவாள். அவள் கிணத்தடியிலை சொல்லுவாள். விடியக் கோயில் மணி அடிக்கமுந்திப் புத்தூருக்குப் போயிடும். கந்தசாமியார் மேலை சத்தியம் பண்ணும்.

— ஐயா…

— மூண்டு மாதம், வாத்தியார்.

— கந்தசாமியார் மேலை சத்தியம். என்ரை வாயாலை வராது.

— இப்பதான் நீர் மனிசன். கடுதாசியைத் தாரும் பாப்பம். உந்தக் கண்ணாடி பினாங்கிலை செய்வித்தது, தங்கப் பிறேம். ம்… ம்… நல்ல எழுத்து. ஓ, எல்லாம் ஒழுங்காய் இருக்கு. கீழை கையெழுத்தும் வடிவாய் விழுந்திருக்கு.

— நான் இன்னும் கையெழுத்து வைக்கேல்லை ஐயா. ஐயாவுக்குக் கண் தெரியேல்லையோ?

— ஆருக்கு, எனக்கோ? வெளிச்சம் காணாது.

— விளக்கு உங்கடை முழங்கையடியிலை எரியுது.

— கொஞ்சம் பூ விழுந்திருக்கு. ரெண்டு கண்ணிலையும். ஊருக்குச் சொல்லிப்போடாதையும்.

— காலமை காலமை விறாந்தையிலை இருந்து இங்கிலீசுப் பேப்பர் பாக்கிறனீங்கள்?

— பாக்கிறன்தானே. வாசிக்கிறன் எண்டு ஆர் சொன்னது?

— அப்ப நான் வாசிச்சுக் காட்டுறன், தாருங்கோ.

— நீரோ? எழுதின கையே வாசிச்சால் எனக்கென்ன நிச்சயம்? உள்ளை ‘சரசுவதியின் அவதாரம்’ எண்டு எழுதிப்போட்டு, எனக்கு ‘ஞானம் இல்லை’ எண்டு வாசிப்பீர். தோடி எண்டவுடனை சைக்கிளாலை இறங்கி நடந்த ஆள் நீர். உம்மை நம்பேலாது.

— வேறை ஆர் வாசிக்கிறது? அம்மாவுக்கு எழுத்துத் தெரியாதெண்டு சொன்னனீங்கள்.

— பொறும், படலை திறக்கிற சத்தம் கேக்குது. வந்திட்டினம். பிள்ளை! இராசமலர்! இஞ்சை ஒருக்கால் வா.

— ஐயா, அவவிட்டைக் குடுக்க வேண்டாம்.

— ஏன், என்ன எழுதி வைச்சிருக்கிறீர்?

— நீங்கள் சொன்னதைத்தான்.

— அப்ப ஏன் மறிக்கிறீர்?

— அவ நம்பிப்போடுவா ஐயா.

— நம்பட்டும்! அவள் நம்பினால்தான் செல்வரட்ணமும் நம்புவார். வா பிள்ளை, இந்தக் கதிரையடியிலை வந்து நில். அம்மா எங்கை, குசினிக்கோ போட்டா? சரி. இந்தக் கடுதாசியை வாசி. சத்தமாய்.

— இது வாத்தியாற்றை எழுத்தெல்லே அப்பா.

— ஓம், வருச முடிவுக்கு வாத்தியார் எல்லாரையும் பற்றி எழுதியிருக்கிறார். நான் வாசிச்சுப்போட்டன், தமிழ் எழுத்துப் பிழை பாக்கத்தான். வாசி.

— ‘இந்த வருடத்து மாணவிகளின் முன்னேற்றம். முதலாவது, செல்வநாயகி. மிகச் சிறந்த மாணவி.’ மெய்தான். பாவம் அவள்.

— அடுத்தது.

— ‘இரண்டாவது, பூரணம். குரல் உறுதியானது. வைத்த இடத்தில் நிற்கும். மூன்றாவது, சிவக்கொழுந்து. லய ஞானம் மெச்சத்தக்கது.’

— பிறகு?

— ‘நான்காவது, இராசமலர். குரல் உண்டு, ஞானம்…’

— ஏன் நிப்பாட்டினாய்? வாசி.

— ‘…ஞானம் இல்லை. சுருதி சேராது. மூன்று பாட்டு ஒருவாறு பாடுவார். இனி முன்னேறுவார் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை.’

— அவ்வளவுதானோ? வேறை ஒரு சொல்லும் இல்லையோ?

— இல்லை அப்பா. அவ்வளவுதான்.

— ஓல் றைற். வாத்தியார், நான் உம்மைச் சந்தேகப்பட்டது பிழை. ஒரு புள்ளி மாறாமல் எழுதியிருக்கிறீர்.

— பிள்ளை… கோயிலிலை சனமோ?

— ஓம் வாத்தியார், சனம். அங்கை ஒரு புத்தூர் மனிசி என்னைக் கண்டிட்டு மற்ற மனிசியின்ரை காதுக்குள்ளை சொல்லிச் சிரிச்சவ. அம்மாவிட்டைக் கேட்டன். வழியிலை அம்மா எல்லாம் சொன்னவ. கலியாணம் குழம்பினது, நீங்கள் அவையிட்டைச் சொன்னது எல்லாம்.

— உன்ரை கொம்மாவுக்கு வாய் காவல் இல்லை.

— அம்மா அழுதுகொண்டு வந்தவ அப்பா. நான் அழேல்லை. எனக்கு நடக்கக் கால் நிலத்திலை படேல்லை. வாத்தியார் அப்பிடிச் சொன்னவரோ, என்னைப் பற்றியோ எண்டு மூண்டு தரம் கேட்டன். இந்த ஒரு வருசத்திலை நீங்கள் ஒருநாளும் ‘நல்லது’ எண்டு சொன்னதில்லை, வாத்தியார். எனக்கு வருதோ வரேல்லையோ எண்டு கேக்கவும் பயம். அதுதான் கெதியாய் வந்தனான், நீங்கள் போகமுந்திப் பிடிக்க. உங்களிட்டையே கேக்கலாம் எண்டு.

— பிள்ளை, நான்…

— வாத்தியார்! கந்தசாமி கோயில் கிட்டத்தான் இருக்கு, மறந்து போகாதையும்.

— மறக்கேல்லை ஐயா.

— கடுதாசியிலை கையெழுத்து இல்லை வாத்தியார். இது நீங்கள் நினைச்சு எழுதினதோ?

— ஓம், கையெழுத்து! வையும் வாத்தியார். அதுக்குத்தானே இவ்வளவு நேரமும் இருந்தது. இந்தாரும் பேனை. வைச்சால் பிள்ளைக்கும் ஐமிச்சம் தீரும். அது சரி, புதன்கிழமைக்குப் பிள்ளையை எத்தினை மணிக்கு ஆயத்தமாய் இருக்கச் சொல்ல? கேக்கிறன், எத்தினை மணிக்கு?

— நாலு மணிக்கு ஐயா. வழக்கம் போலை. நான் வாறன் பிள்ளை, புதன்கிழமை வந்து எல்லாம் ஆறுதலாய்க் கதைப்பம். நீர் ஒண்டையும் யோசிக்கக்கூடாது. இந்தாருங்கோ ஐயா, வைச்சாச்சு.

— பிடி பிள்ளை, மை காயட்டும். கையெழுத்து விளங்குதோ?

— வடிவாய் விளங்குது அப்பா. முழுப் பேரும் போட்டிருக்கிறார்.

— நல்லது. எழும்பும் வாத்தியார், இருட்டமுந்திச் சைக்கிளை எடும்.

— அப்ப நான் போட்டு வாறன் பிள்ளை. தோடியை ஒருக்கால் பாத்து வையும்.

— சரி வாத்தியார். போங்கோ.

— உதென்ன பழக்கம், பிள்ளை? படிப்பிச்ச மனிசனைப் போங்கோ எண்டோ அனுப்புறது? போட்டு வாங்கோ எண்டு சொல்லு.

— இல்லையப்பா. போங்கோ எண்டுதான் சொன்னனான்.